கோட்டம் எடுக்க வராத சக்கரம்

சைக்கிள் என்பது ஏழையின் வாகனம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்து கோவை சிறுவாணி ரோட்டில் போய் நிற்க வேண்டும். ஹெல்மெட், கூலிங் கிளாஸ், உடம்போடு ஒட்டிய கலர் பனியன் சகிதம் பத்துப் பன்னிரண்டு பேர் விர்ரென்று கடந்து போவார்கள். டாக்டர், மில் ஓனர், பம்ப் கம்பெனி வாரிசு, சாஃப்ட்வேர் ஆசாமி எல்லாரும் அதில் உண்டு. முகத்தைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். கன்னங்கரேலென்று மூன்று விரல் ஆழத்துக்கு ரிம். கம்பிகள் எண்ணி இருபதோ இருபத்து நாலோ. அதுதான் கார்பன் சக்கரம். நல்ல ஜோடி ஒன்றரை லட்சம் ரூபாயில் ஆரம்பித்து மூன்று லட்சத்தைத் தாண்டும். முழு சைக்கிளின் விலை இல்லை சாமி, சக்கரத்தின் விலை மட்டும்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்கும் எழுதுகிறோம். ஒரு பொருள் புதிதாகக் கடைக்கு வந்தால் அதற்கும் எழுதுகிறோம், பெரும்பாலும் அதைத் தயாரித்தவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு. அதே பொருள் மூன்று வருஷம் கழித்து ரிப்பேருக்கு வந்து நிற்கும்போது யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அப்போதுதான் எழுத வேண்டும். இந்த வாரம் அதைத்தான் செய்யப் போகிறேன்.

முதலில் நம்ம ஊர்ச் சக்கரம்.

பழைய ஹெர்குலிஸ், ராலே சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்துவிட்டால் அதற்குப் பெயர் 'கோட்டம்'. கடைக்காரர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அங்கே வியாதி. ரிம் வலப்பக்கம் போயிருந்தால் இடப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்குவார், வலப்பக்கத்தைக் கால் திருகு தளர்த்துவார். நடுநடுவே கம்பியைச் சுண்டிச் சத்தம் கேட்பார். அரை மணியில் சக்கரம் நேராகிவிடும்.

பார்க்க எளிது. உள்ளே இருக்கும் இன்ஜினீயரிங் லேசுப்பட்டதல்ல. மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் பாரத்தைத் தாங்கி நிற்கும். சைக்கிள் கம்பி அத்தனை மெல்லிசு, அதன் மேல் பாரத்தை வைத்தால் வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நாம் ஏறி உட்காரும்போது தரைப்பக்கம் இருக்கும் கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். பாரம் அப்படித்தான் தரைக்குப் போகிறது. இழுத்துக் கட்டிய கம்பிச் சக்கரத்தை இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808-லேயே யோசித்துவிட்டார். கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1870-களில் அதைச் சைக்கிளில் ஓட வைத்தார். கம்பியில் பாரம் எப்படிப் பரவுகிறது என்பதை ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1981-ல் 'தி பைசைக்கிள் வீல்' என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். நம் கடைக்காரர் அதைப் படித்ததில்லை. அவருக்கு விரல் நுனியில் தெரியும்.

இப்போது அந்தக் கறுப்புச் சக்கரம் அவர் கடைக்கு வருகிறது. என்ன ஆகும்?

கார்பன் என்றதும் ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று கோவைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. அடிப்படையில் அது நூல். ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் இருக்கிறதல்லவா, அதற்கு நெருங்கிய சொந்தமான பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையை முதலில் 200, 300 டிகிரியில் வாட்டி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் மிஞ்சுவது கார்பன் இழை. மூவாயிரம் இழை சேர்ந்த ஒரு கற்றைக்கு '3கே' என்று பெயர். இதைத் துணியாகவோ பட்டையாகவோ ஆக்கி, எபாக்சிப் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தால் ரிம். பாவு, ஊடு, கவுன்ட்டு என்று நூலோடு பிறந்து வளர்ந்த ஊருக்கு இது தூரத்து உறவு. எடையைப் பார்த்தால் இரும்பு வெட்கப்படும். விறைப்பு அதைவிட ஆச்சரியம்.

சிக்கல் அந்த விறைப்பில்தான். இரும்பு ரிம் வளையும், அலுமினியம் நசுங்கும். வளைந்ததைக் கண் பார்க்கும், கை நிமிர்த்தும். கார்பன் வளைந்துகொடுத்து அப்படியே நிற்காது. தாங்கும், தாங்கும், ஒரு நாள் உடையும். நடுவில் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தாலும் மேலே பெயின்ட் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கார்பன் சக்கரத்தில் கோட்டம் தெரிந்தால் அதன் அர்த்தமே வேறு. இரும்பு ரிம்மில் கோட்டம்தான் வியாதி. கார்பனில் அது காய்ச்சல் மாதிரி, வியாதி வேறெங்கோ இருக்கும். கம்பியின் இழுவை மாறியிருக்கலாம், அது நல்ல செய்தி. நிப்பிள் உட்காரும் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டிருக்கலாம், அது கெட்ட செய்தி. எது என்று பார்க்காமல் பழைய பழக்கத்தில் திருகி நேராக்கினால், சக்கரம் கடையில் நேராக ஓடும். விரிசல் அடுத்த பள்ளம் வரைக்கும் காத்திருக்கும். இந்தச் சக்கரத்தில் இறுக்கமான பக்கத்துக் கம்பிகள் நூறு கிலோவுக்கு மேல் இழுவையில் நிற்கின்றன. விறைத்த ரிம்மில் கால் திருகுகூடக் கம்பியின் இழுவையை வெகுவாக மாற்றிவிடும். அதனால் சுண்டிச் சத்தம் கேட்பதோடு நிறுத்தாமல் இழுவையை அளக்கும் மீட்டரும் வேண்டும். சைக்கிள் கடைக்காரரின் கை மட்டும் இங்கே போதாது. இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவோம்.

கோவையின் கிழக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங் சார், கம்பி கம்பிதானுங்களே. பேரிங் பேரிங்தானுங்களே. ரிம்மு மட்டுந்தான வேற? அதத் தொட வேண்டாம்னா தொடாம உட்டர்றோமுங்க. மிச்சத்தை எதுக்குங்க மூடி வெக்கோணும்?"

இந்தக் கேள்விக்கு உலகத்தின் பெரிய சக்கரக் கம்பெனிகள் எல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

பேரிங்கிலிருந்தே ஆரம்பிப்போம். விலை உயர்ந்த சக்கரத்தின் நடுவே ஹப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண பேரிங்தான். 6902 என்று நம்பர் போட்டிருக்கும் பல ஹப்களில். பம்ப் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் 6202 தெரியும். சின்ன மோட்டார்களில் போடுவது. கடைசி இரண்டு எழுத்து 02 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர். ஆக 6902, 6202 இரண்டுக்கும் ஒரே உள்விட்டம். வெளிவிட்டம் மட்டும் ஒன்றில் 28, மற்றதில் 35. தம்பி ஒல்லி, அண்ணன் தடி, அவ்வளவுதான் வித்தியாசம். பேரிங்கை உள்ளே தள்ளும்போது எந்த வளையம் இறுகி உட்கார வேண்டுமோ அதில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், உள்வளையத்தில் சுத்தியலால் போட்டால் குண்டுகள் அடி வாங்கும். இந்தப் பாடம் மோட்டார் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே வந்துவிடும். மோட்டார் பட்டறைக்குப் பேர் போன ஊரில், 'இந்த பேரிங்கை மாற்ற எங்கள் அங்கீகாரம் பெற்றவர்தான் வேண்டும்' என்று ஒரு டப்பாவுக்குள் எழுதி அனுப்புவது கொஞ்சம் ஓவர்.

இன்னும் ஒரு வேடிக்கை. ஜப்பானின் ஷிமானோ கம்பெனியின் உச்சபட்ச ரகம் டூரா ஏஸ். 2021-ல் வந்த அதன் கார்பன் சக்கரங்களைத் திறந்து பார்த்தால் உள்ளே கப், கோன், பால்ரஸ்! நம்ம பால்காரர் சைக்கிளில் இருக்கும் அதே ஏற்பாடு. தரம் வேறு, இழைப்பு வேறு, தத்துவம் ஒன்று. கழற்றலாம், துடைக்கலாம், புது கிரீஸ் வைக்கலாம், கோனைத் திருகி ஆட்டம் எடுக்கலாம். சுவிட்சர்லாந்தின் டிடி ஸ்விஸ் கம்பெனியின் ஸ்டார் ராட்செட் ஹப்பைப் பாருங்கள். மூடியைக் கையாலேயே இழுத்தால் வந்துவிடும். உள்ளே பல் வைத்த இரண்டு வளையம், இரண்டு ஸ்பிரிங். துடைத்து, கிரீஸ் போட்டு, மூடிவிடலாம், ஸ்பேனர்கூட வேண்டாம். உசத்தியான பொருளைத் திறக்க வருகிற மாதிரிச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் காட்டி வாயை அடைக்கலாம்.

அப்படியிருந்தும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதல் குற்றச்சாட்டு, ஒளித்து வைத்த நிப்பிள். கம்பியை இறுக்கும் நிப்பிள் நம் சைக்கிளில் ரிம்முக்கு வெளியே தெரியும். பல கார்பன் சக்கரங்களில் காற்றுத் தடையைக் குறைக்கிறோம் என்று அதை ரிம்முக்கு உள்ளே தள்ளிவிட்டார்கள். கால் திருகு திருக வேண்டுமானால் டயரைக் கழற்ற வேண்டும், உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் பாலை வடிக்க வேண்டும், ரிம் டேப்பை உரிக்க வேண்டும். அரை மணி வேலை அரை நாள் ஆகிறது. இந்தத் திருட்டு வேலைக்குத் தண்டனையும் கூடவே வருகிறது. கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருக்க, நடுவில் வியர்வையோ மழை ஈரமோ சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிக்கும். எடை குறையட்டும் என்று அலுமினிய நிப்பிள் போட்டு, அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தால், பூத்துப் போனது தெரியவே தெரியாது. திருகும்போது கையோடு வரும். பித்தளை நிப்பிள் போட்டால் சக்கரத்துக்கு ஒரு இருபது கிராம் கூடும். அந்த எடையை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மெதுவடையைக் குறைத்தாலே சரிக்கட்டிவிடலாம்.

இரண்டாவது, தனக்கென்று தனிக் கம்பி. உலகம் முழுக்கக் கிடைக்கிற கம்பியைப் போடாமல், தலை வேறு, மரை வேறு, தடிமன் வேறு என்று தங்களுக்கு மட்டும் செய்துகொள்வது. நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலில் 'கோயிங் கன்சர்ன்' என்று முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். கம்பெனி நாளைக்கும் நடக்கும் என்ற அனுமானத்தில்தான் இன்றைக்குப் பேரேடு எழுதுகிறோம். தனிக் கம்பி போட்ட சக்கரத்தை வாங்குகிறவரும் அதே அனுமானத்தில்தான் வாங்குகிறார். சைக்கிள் சக்கரத்தில் பிரான்சின் மாவிக்கைவிடப் பெரிய பெயர் கிடையாது. 1889-லிருந்து இருக்கும் கம்பெனி. அதன் ஆர்-சிஸ் ரகத்தில் கம்பியையே கார்பனில் செய்தார்கள். அது உடைகிறது என்று 2009-ல் முன் சக்கரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. 2020-ல் கம்பெனியே கோர்ட்டுக்குப் போய்க் கை மாறியது. நல்லவேளையாகத் தொடர்ந்து நடக்கிறது. நடக்காமல் போயிருந்தால் தனிக் கம்பியை எங்கே போய்த் தேடுவது?

இதே மாவிக்தான் 1970-களிலிருந்து சைக்கிள் பந்தயங்களில் 'நியூட்ரல் சர்வீஸ்' என்று மஞ்சள் கார் ஓட்டியது. எந்த அணிக்காரன் சக்கரம் பஞ்சரானாலும் காரிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். டூர் தி பிரான்ஸில் 2020-தான் கடைசி, அடுத்த வருஷத்திலிருந்து ஷிமானோவின் நீலக் கார். அந்த மஞ்சள் காரை ரசிகர்கள் கோயில் தேர் மாதிரிக் கொண்டாடினார்கள். அது சாத்தியப்பட்டதற்கு ஒரே காரணம், ஒருத்தன் சக்கரம் இன்னொருத்தன் வண்டிக்குப் பொருந்தியது. டிஸ்க் பிரேக், தனித்தனி அச்சு, தனித்தனிப் பல்சக்கரம் என்று வந்த பிறகு காரில் எத்தனை ரகம் ஏற்றுவது? பெரிய பந்தயத்துக்கே இந்தக் கதி என்றால் சிங்காநல்லூர்க் கடைக்காரர் எத்தனை ரகம் வாங்கி அடுக்குவார்?

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது. கொக்கி இல்லாத ரிம்.

டயரின் ஓரம் நழுவாமல் பிடித்துக்கொள்ள ரிம்மின் விளிம்பில் உள்பக்கமாக ஒரு சின்ன மடிப்பு இருக்கும். அதுதான் கொக்கி. கார்பன் ரிம்மில் அதை வார்ப்பது சிரமம், செலவு. அதனால் பல கம்பெனிகள் கொக்கியை எடுத்துவிட்டு 'ஹுக்லெஸ்' என்று புதுத் தொழில்நுட்பமாகப் பெயர் வைத்து விற்றன. டியூப்லெஸ் டயரின் ஓரம் தானே இறுக்கிக்கொள்ளும் என்பது வாதம். இறுக்கிக்கொள்ளும், சில நிபந்தனைகளோடு. காற்று 5 பார், அதாவது 72 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. ரிம் அகலத்துக்கு ஏற்ற டயர்தான் போட வேண்டும். கம்பெனி பட்டியலில் உள்ள டயராக இருப்பது உத்தமம்.

கொங்கு நாட்டில் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் சித்தாந்தம் என்ன தெரியுமா? 'கல்லு மாதிரி இருக்கோணும்.' கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, அமுங்கினால் இன்னும் நாலு அடி. ரேஸ் சைக்கிள் டயர் என்றால் நூறு பவுண்டு என்பது நேற்று வரைக்கும் சரியான கணக்கு. அதே கை, அதே பம்பு, கொக்கியில்லாத ரிம்மில் நூறு பவுண்டு அடித்தால் ஆபத்து. இந்த வித்தியாசம் ரிம்மில் பொடி எழுத்தில், இங்கிலீஷில், சில சமயம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். முதல் வாட்டர் சர்வீஸில் ஸ்டிக்கர் போய்விடும்.

ஏதோ உள்ளூர் அறியாமை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடந்த யுஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி ஹென்ட் என்ற பெல்ஜியம் வீரருக்கு டயர் ரிம்மை விட்டே கழன்று வந்து விழுந்தார். மெக்கானிக், இன்ஜினீயர், ஸ்பான்சர் எல்லாரும் கூடவே இருக்கும் தொழில்முறை அணி அது. கல்லில் மோதியதுதான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. டயர் அகலமும் ரிம் அகலமும் பொருந்தவில்லை என்றது இன்னொரு தரப்பு. கொக்கியில்லாத ரிம்மே கூடாது என்று வீரர்கள் சங்கத் தலைவர் ஆடம் ஹான்சன் கொடி பிடித்தார். யார் சொன்னது சரியோ, எனக்கு ஒன்று புரிகிறது. காற்றடிப்பதைக்கூட நிபுணர் வேலையாக மாற்றுகிற ஒரு பொருள், அதைச் சாதாரணக் கடையில் விற்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

இதெல்லாம் சமவெளியில். நம் ஆட்கள் சமவெளியில் நிற்கிறார்களா என்ன? 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' சைக்கிள் பயணத்தில் கல்லட்டி ஏற்றத்தை மிதித்து ஏறுவதுதான் கிரீடம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் உயரத்தில் சுமார் 1,500 மீட்டர் வித்தியாசம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்கில் சூடாக இறங்கும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் அந்தச் சூடு நேராகக் கார்பனைக் கட்டியிருக்கும் பிசினுக்குப் போகிறது. பிசின் இளகினால் ரிம்மின் சுவர் பிதுங்கும். 2018-லிருந்து பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்தபின் புதுச் சக்கரங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மற்றவர்கள் டிஸ்க்குக்கு மாறும்போது கழித்துக் கட்டிய பழைய ரிம் பிரேக் கார்பன் சக்கரங்கள் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிற இளைஞனுக்கு அந்த ரிம் எந்த மலையில் எத்தனை தடவை சூடேறியது என்று தெரியாது. சொல்லும் சர்வீஸ் புத்தகமும் கிடையாது. பழைய மாருதி வாங்கினால்கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போகிறோம்.

சரி, உடைந்தால்? 'லைஃப்டைம் வாரன்ட்டி' என்று பெட்டியில் போட்டிருக்கும். யாருடைய ஆயுள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் முதல் சொந்தக்காரருக்கு மட்டும். விழுந்து உடைத்தால் 'கிராஷ் ரீப்ளேஸ்மென்ட்' என்று தள்ளுபடி விலையில் புதுசு தருவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு அது ரிப்பேர் அல்ல, இரண்டாவது விற்பனை. நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று தேய்மானத்துக்கு இரண்டு கணக்கு படித்தோம். கார்பன் ரிம் இரண்டிலும் அடங்காது. காலை ஆறு மணிக்கு ஒரு லட்சம், ஆறு ஐந்துக்குப் பூஜ்யம். அலுமினிய ரிம்மைக் காயலான் கடையில் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வான். கார்பனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டான், உருக்க முடியாதே!

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரிப்பேர் உரிமை' என்று ஒரு கமிட்டி போட்டு, அந்த வருஷ டிசம்பரில் ஒரு போர்ட்டலும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம் என்று நாலு துறை. சைக்கிள் அதில் இல்லை. சைக்கிளை ரிப்பேர் செய்யத் தடை எங்கே இருக்கிறது என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். நியாயம்தான், அவர்கள் மனசில் இருந்தது பால்காரர் சைக்கிள்.

இந்த விஷயத்தில் மற்ற ஊர்களைவிடக் கோவைக்குப் பேச அதிக உரிமை உண்டு. ஜி.டி.நாயுடு கதை எல்லாருக்கும் தெரியும். கலங்கல் கிராமத்திலிருந்து வந்த இளைஞர், ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ், 1937-ல் மோட்டார் என்று மற்றதெல்லாம் அப்புறம். அந்த ரட்ஜ், மேலே சொன்ன ஸ்டார்லியின் கவன்ட்ரியில் சைக்கிள் செய்து வளர்ந்த கம்பெனி. கம்பிச் சக்கரத்தில் புலி. கழற்ற முடியாதபடி ஒட்டி அனுப்பியிருந்தால் இந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு அத்தியாயம் குறைந்திருக்கும்.

இன்றைக்கு இதே ஊரில் எல்.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் விமான, விண்வெளித் துறைக்கு கார்பன் காம்போசிட் பாகங்கள் செய்கிறது. அந்தத் துறையில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள். நாணயத்தால் தட்டி, 'டிங்' என்று வராமல் 'டொப்' என்று வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ளும் எளிய சோதனையும் உண்டு. சுண்டிச் சத்தம் கேட்கும் நம் கடைக்காரருக்கு இதைக் கற்றுக்கொடுக்க எத்தனை நாள் ஆகும்? இழை தெரிந்த ஊர், பிசின் தெரிந்த ஊர், பேரிங் தெரிந்த ஊர். இவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

சக்கரக்காரர்களைத் திட்டிவிட்டுச் சவாரிக்காரர்களை விட்டுவிட்டால் அது விமர்சனம் ஆகாது. இரண்டு லட்சத்துக்குச் சக்கரம் வாங்குகிற மகராசன், ஹப் சர்வீஸுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் 'எண்ணூறு வெச்சுக்கங்கண்ணா' என்கிறார். சகதியில் ஓட்டிவிட்டு வந்து கார் கழுவும் இடத்தில் வாட்டர் சர்வீஸ் விடுகிறார். அந்தப் பீய்ச்சல் பேரிங்கின் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். அப்புறம் 'கரகர'வென்று சத்தம் வருகிறது என்று கம்பெனிமேல் பழி. உள்ளூர்க் கடைக்காரர் தொட்டால் தீட்டு என்று சக்கரத்தை பெங்களூருக்குப் பார்சல் அனுப்புகிறார். இழுவை மீட்டரும், டார்க் ஸ்பேனரும், பேரிங் பிரஸ்ஸும் வாங்க நம் கடைக்காரருக்கு முதல் தேவை, மாதத்துக்கு இத்தனை சக்கரம் வரும் என்ற நம்பிக்கை. அதைக் கம்பெனி தராது. ஓட்டுகிறவர்கள்தான் தர வேண்டும்.

என் தீர்ப்பு இது. கறுப்பு ரிம் அற்புதமான பொருள், அதன் வேகத்துக்கும் அழகுக்கும் முழு மார்க். அடிபட்ட ரிம்மை ஒட்டாதே, தூக்கிப் போடு என்று கம்பெனி சொன்னால் அதில் வஞ்சகம் இல்லை. உயிர் விஷயம். ஆனால் ரிம்மின் பயத்தைக் காட்டி, கம்பியையும் நிப்பிளையும் பேரிங்கையும் சேர்த்துப் பூட்டுவது வியாபாரம். அதற்கு ஃபெயில் மார்க்தான்.

அடுத்த முறை யாராவது உங்களுக்கு அப்படியொரு சக்கரம் விற்க வந்தால், எடை எத்தனை கிராம் என்பதை அப்புறம் கேளுங்கள். நிப்பிள் வெளியே தெரிகிறதா, கம்பி கடையில் கிடைக்குமா, பேரிங் நம்பர் என்ன, ரிம்மில் கொக்கி இருக்கிறதா, எத்தனை பவுண்டு காற்று? இந்த ஐந்தையும் கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று சொல்லுங்கள்: "ஹப்பைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க."

கழற்றத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். அதில் கிடைக்கிற நிம்மதி, குன்னூர் இறக்கத்தில் எந்த வாரன்ட்டி கார்டும் தராது.